விண்பாசறையும் நம் முகச்சுளிப்பும்

இலக்கிய வாசகர் என்று தம்மைக் கருதிக்கொள்ளும் அன்பர்களிடம் 'இராணுவ அறிவியல் புனைகதை' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஓர் ஏளனப் புன்னகை எழும். அடுத்து, "அதெல்லாம் பையன்கள் படிப்பது" என்ற தீர்ப்பு வந்து விழும். படித்தபின் வழங்கப்பட்ட தீர்ப்பாயின் நாம் தலைவணங்கியிருப்போம். அட்டையிலுள்ள விண்கலத்தையும் துப்பாக்கியையும் பார்த்து வழங்கப்படும் தீர்ப்பு இது. மறுபுறம், இவ்வகை நாவல்களை விரும்பிப் படிக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் நண்பர்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்கும் அழகோ இன்னும் விசேடமானது: எத்தனை கப்பல்கள் வெடிக்கின்றன, எந்தக் கவச உடையில் எத்தனை ஆயுதங்கள் பொருத்தப்பட்டுள்ளன என்ற கணக்கோடு பரிந்துரை முடிந்துவிடும்.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மதிப்பதில்லை. ஆயினும் இருவரின் கருத்தும் ஒன்றே. போர்ப் புனைவில் வெடிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே இருவரும் நம்புகின்றனர். அதனால் ஒருவர் விலகுகிறார், மற்றவர் நெருங்குகிறார். நாம் இருவரோடும் மாறுபடுகிறோம். இந்நாவல்களைத் தமிழ் வாசகர்கள் படிக்க வேண்டும், ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கவும் வேண்டும். ஆனால் எதைப் பரிந்துரைப்பது, எதைத் தள்ளுவது என்பதற்கான அளவுகோலை அயலிடம் இரவல் வாங்க வேண்டியதில்லை. அது நம் புறத்திணை மரபிலேயே இருக்கிறது.

தொல்காப்பியர் புறத்திணைகளைத் தனியே நிறுத்தவில்லை என்பதை முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தேர்வுக்காக மனனம் செய்திருப்பர். குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி, மருதத்துக்கு உழிஞை, நெய்தலுக்குத் தும்பை, பாலைக்கு வாகை என்று அகத்திணை ஒவ்வொன்றுக்கும் ஒரு புறத்திணையை அவர் இணைத்தார். இந்த இணைப்பின் பொருளைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். பகைநாட்டின் மீது படையெடுத்துச் செல்லும் வஞ்சிக்கு இணை, வீட்டில் காத்திருக்கும் முல்லை. வெற்றியைப் பேசும் வாகைக்கு இணை, பிரிவின் வெம்மையாகிய பாலை. போரைப் பற்றி எழுதுகிறவன் வீட்டைப் பற்றியும் எழுதியாக வேண்டும் என்பது இந்த இலக்கணம் நமக்கு உணர்த்தும் செய்தி. வஞ்சியை மட்டும் பாடி முல்லையை மறந்த நூல் பாதி நூலே.

முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நப்பூதனார் பாடிய 103 அடிகள். ஒருபுறம், மழைக்காலம் தொடங்கியும் தலைவன் வரவில்லையே என்று கலங்கும் அரசி. நற்சொல் கேட்டு வந்து அவளைத் தேற்றும் முதுபெண்டிர். மறுபுறம், காட்டில் அமைந்த பாசறை. அங்கே அரசன் உறக்கமின்றி, புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பாசறையில் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் இருக்கின்றனர். உரையாசிரியர்கள் பொருள் கூறிக் கடந்துவிடும் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். பாசறைக் கடிகாரத்தில் கழியும் நாழிகையும் அரண்மனையில் அரசி எண்ணும் நாழிகையும் ஒன்றே. அதனால்தான் கார்காலத்துக்குள் திரும்புவேன் என்ற வாக்குறுதிக்குப் பொருள் இருக்கிறது. பாட்டின் இறுதியில் அவன் திரும்பியும் வருகிறான்.

அந்த இரு கடிகாரங்களும் வெவ்வேறாக ஓடினால்? இந்தக் கேள்வியைக் கேட்ட நாவல்தான் ஜோ ஹால்டெமன் 1974-இல் வெளியிட்ட 'தி ஃபாரெவர் வார்'. முடிவிலாப் போர் என்று அதைச் சொல்லலாம். ஹால்டெமன் இயற்பியலும் வானியலும் பயின்றவர். பட்டம் பெற்றதும் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு, வியட்நாமில் களப் பொறியாளராகப் பணிபுரிந்து, படுகாயமுற்றுத் திரும்பியவர். அவருடைய நாயகன் மண்டெல்லா ஒளியின் வேகத்தை நெருங்கும் கலங்களில் போருக்குச் செல்கிறான். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின்படி கலத்துக்குள் மாதங்கள் கழிகையில் பூமியில் பல்லாண்டுகள் கழிந்துவிடுகின்றன. முதன்முறை அவன் திரும்பும்போது தாய் மூப்பெய்தியிருக்கிறாள். ஊர் அவனுக்கு அந்நியமாகியிருக்கிறது. பின்னர் நூற்றாண்டுகள் நழுவுகின்றன. அவனுடைய ஆணைக்குட்பட்ட வீரர்கள் அவனோடு பேசுவதற்காகவே பழைய ஆங்கிலத்தைப் பயில வேண்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தப் போர், இரு இனங்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள இயலாமையால் நடந்த பிழை என்று கடைசியில் தெரியவருகிறது.

இதில் வெடிப்புகள் இல்லையா? இருக்கின்றன. ஆனால் நாவலின் உயிர் அவற்றில் இல்லை. மண்டெல்லாவும் அவன் காதலி மேரிகேயும் வெவ்வேறு படைப்பிரிவுகளுக்கு மாற்றப்படும் கட்டத்தில் இருக்கிறது. அந்த மாற்றம் இருவரையும் தொலைவால் மட்டுமன்றி நூற்றாண்டுகளாலும் பிரிக்கிறது. இருவரும் உயிர் பிழைத்தாலும் ஒரே காலத்தில் வாழப் போவதில்லை. இத்தகைய பிரிவைப் பாலை பாடிய நம் புலவர் எவரும் கற்பனை செய்ததில்லை. அவள் அவனுக்காகக் காத்திருக்கக் கண்டுபிடிக்கும் வழியை இங்கே சொல்லப்போவதில்லை, படித்துக்கொள்க. முல்லைத் திணையின் 'இருத்தல்' என்னும் உரிப்பொருளுக்கு இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சிறந்த விரிவுரைகளுள் ஒன்று, தமிழறியாத ஓர் அமெரிக்கச் சிப்பாயின் கையிலிருந்து வந்திருக்கிறது என்பதே நம் துணிபு.

இவ்வகை நாவல்கள் தம்முள் வாதிடும் ஒரு மரபைச் சேர்ந்தவை என்பதும் கவனத்திற்குரியது. ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' 1959-இல் வந்தது. அதன் நாயகன் ரிக்கோ, பிலிப்பைன்ஸ் வழிவந்தவன். நாட்டுக்குச் சேவை புரிந்து முடித்தவர்க்கே வாக்குரிமை உண்டு என்ற சமூகத்தை ஹைன்லைன் அதில் பரிவோடு வரைந்தார். பகைவர்கள் பூச்சிகள். பூச்சியைக் கொல்வதற்கு எவருக்கும் மனம் உறுத்துவதில்லை அல்லவா? ஹைன்லைன் கடற்படை அதிகாரியாக இருந்தவர்; நோயால் ஓய்வுபெற்றவர்; போர்முனையைக் கண்டதில்லை. 1965-இல் ஹாரி ஹாரிசன் 'பில், த கேலக்டிக் ஹீரோ' என்ற அங்கத நாவலால் இவ்வுலகை எள்ளி நகையாடினார். ஹால்டெமனின் நாவலையும் ஹைன்லைனுக்கான மறுமொழியாகவே பலரும் வாசித்தனர். ஒருவர் கூற்று, மற்றொருவர் மறுப்பு, மூன்றாமவர் அங்கதம் என்று வளரும் இத்தொடரில் ஹைன்லைனை மட்டும் நண்பருக்குக் கொடுத்துவிட்டு நகர்பவர், வாதத்தின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்கச் செய்கிறார். அது பரிந்துரை ஆகாது, பரப்புரை ஆகும்.

அடுத்து, ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' (1985). ஆறு வயதுச் சிறுவன் எண்டர் விண்வெளிப் போர்ப் பள்ளிக்கு எடுத்துச் செல்லப்படுகிறான். தேர்வுக்கான விளையாட்டு என்று நம்பித் திரையின் முன் அமர்ந்து வெல்கிறான். வென்றது மெய்யான போர் என்றும், அழிந்தது ஓர் இனம் என்றும் பிறகே அவனிடம் சொல்லப்படுகிறது. இதை வாசித்தபின் புறநானூற்றின் 279-ஆம் பாட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பெண், தன் ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். மேடைதோறும் இதை வீரத்தாய் என்ற தலைப்பில் முழங்கிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். அந்தச் சிறுவனை எவரேனும் ஏதேனும் கேட்டார்களா என்ற கேள்வி எந்த மேடையிலாவது எழுந்ததா? மாசாத்தியார் அந்தக் கேள்வியைத் தம் பாட்டுக்குள் வைத்திருக்கிறார் என்றே நாம் கருதுகிறோம். வியப்பு மட்டுமன்றி நடுக்கமும் அப்பாட்டின் தொனியில் உண்டு. அதைக் கேட்கும் செவியை நாம் இழந்துவிட்டோம். அச்செவியைத் திருப்பித் தர எண்டரால் இயலுமானால், அவனைப் பையன்கள் படிப்பு என்று ஒதுக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இவ்விரண்டின் அருகில் மூன்றாவதாக ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) நாவலை வைக்க வேண்டும். பதின்வயதில் இயக்கத்தில் சேர்ந்தவன் கடைசியில் எங்கே வந்து நிற்கிறான்? ஐரோப்பிய நகரமொன்றின் அகதி விண்ணப்பத்தில். சங்கப் பாட்டு அனுப்புதலைக் காட்டுகிறது; அமெரிக்க நாவல் பயிற்றுவித்தலையும் ஏமாற்றுதலையும் காட்டுகிறது; ஈழ நாவல் மிச்சத்தைக் காட்டுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்த வாசகர் போரைப் பற்றிய எந்த மேடைப்பேச்சையும் இனிப் பழையபடி கேட்க மாட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும்; அதை நாம் இலேசாகக் கருதவில்லை. 2009 மே மாதத்தில் முடிந்த போரின் காயம் ஆறாத ஒரு மொழியில், கற்பனைப் போர்களை ரசிக்கச் சொல்வது முறையா என்று கேட்கலாம். சயந்தனின் 'ஆதிரை'யும் தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' நாவலும் கையில் இருக்க, அயல்கோள் போர்கள் எதற்கு என்றும் கேட்கலாம். ரசிப்பதற்கு என்றால் வேண்டவே வேண்டாம். ஆனால் இந்த இரு வகையும் செய்யும் பணி வேறு. ஈழ நாவல்கள் நடந்ததற்குச் சாட்சி சொல்கின்றன. நல்ல இராணுவ அறிவியல் புனைவு, இனி நடக்கவிருப்பதற்கு இன்று யார் யார் ஆயத்தம் செய்கிறார்கள் என்று கேட்கிறது. சாட்சியத்தை மதிக்கிறவர்களுக்கு இரண்டாவது கேள்வி இன்னும் அவசரமானது.

"இது ஏகாதிபத்தியத்தின் சரக்கு" என்பது மற்றொரு மறுப்பு. பாதி உண்மை. இவ்வகையின் முன்னோடி என்று சொல்லப்படும் 'பேட்டில் ஆஃப் டார்க்கிங்' 1871-இல் எழுதப்பட்டது. ஜெர்மானியப் படை இங்கிலாந்தைக் கைப்பற்றுவதாகக் கற்பனை செய்த கதை. எழுதியவர் ஜார்ஜ் செஸ்னி. வங்காளப் பொறியாளர் படையின் அதிகாரி. 1857-இல் தில்லி முற்றுகையில் காயமடைந்தவர். பிறர் நாட்டை முற்றுகையிட்டவர், தம் நாடு முற்றுகையிடப்படும் நாளை நினைத்து அஞ்சியிருக்கிறார். 1898-இல் எச்.ஜி. வெல்ஸ் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' நாவலின் தொடக்கத்திலேயே, டாஸ்மேனிய மக்களுக்கு ஐரோப்பியர் இழைத்ததை நினைவூட்டிவிட்டுத்தான் செவ்வாய்க்கிரகவாசிகளை இங்கிலாந்தில் இறக்கினார். ஏகாதிபத்தியத்தின் அச்சமும் குற்றவுணர்வும் இவ்வகையின் வேரில் இருக்கின்றன. அதைப் படித்து அறிந்துகொள்ளும் உரிமை, ஆளப்பட்ட நமக்கில்லாமல் வேறு யாருக்கு?

நாம் படிக்காவிட்டாலும் படிக்கிறவர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்', 'எண்டர்ஸ் கேம்' ஆகிய இரண்டும் அமெரிக்க மரைன் படை தன் வீரர்களுக்குப் பரிந்துரைத்த நூற்பட்டியலில் இடம்பெற்றவை. எதிர்காலப் போர்களைக் கற்பனை செய்து காட்டுவதற்காக, அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைக் கொண்ட குழு ஒன்றை அமைக்கப்போவதாக பிரெஞ்சுப் பாதுகாப்புத் துறை 2019-இல் அறிவித்து, அவ்வாறே அமைத்தது. படைத்தலைவர்கள் இந்நூல்களைக் கருவியாகப் படிக்கிறார்கள். எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய குடிமக்களோ அட்டையைப் பார்த்து முகஞ்சுளிக்கிறோம்.

இதெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பது என்று காட்டாங்குளத்தூரில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. புறநகர் ரயிலில் ஏறினால் சில நிறுத்தங்களில் தாம்பரம். அங்கே விமானப்படைத் தளமும், விமானப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியும் உள்ளன. இன்னும் சற்று வடக்கே பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமி 1963 முதல் இயங்குகிறது. இதே காட்டாங்குளத்தூரின் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய சிறு செயற்கைக்கோள் 2011 அக்டோபரில் விண்ணில் ஏவப்பட்டது. 2019 மார்ச் 27 அன்று இந்தியா தன் செயற்கைக்கோள் ஒன்றைத் தானே ஏவுகணையால் தகர்த்துச் சோதித்தது. 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நான்கு நாள்களில் இரு தரப்பும் ஆளில்லா விமானங்களைப் பயன்படுத்தின. திரையின் முன் அமர்ந்திருக்கும் எண்டர் இனி கற்பனைப் பாத்திரம் அல்லன். அந்த நாற்காலிக்குப் போகக்கூடியவர்கள் இந்தப் புறநகர்க் கல்லூரி வகுப்பறைகளிலும் இருக்கலாம்.

முல்லையும் இங்கேதான் இருக்கிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்தது. ஏழாண்டுகளுக்கு மேல் தடயமில்லை. 2024 ஜனவரியில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம்பிடித்ததாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. போர் ஏதும் நடக்காத காலத்திலேயே 29 வீடுகளில் கார்காலங்கள் வந்து வந்து கழிந்தன. விடையை இறுதியில் கொண்டுவந்தது ஓர் இயந்திரம். இதை எழுதுவதற்கான இலக்கிய வடிவம் எது என்று கேட்டால், சங்கப் பாட்டும் அறிவியல் புனைவும் கைகோத்த ஒன்றையே நம்மால் சொல்ல முடிகிறது. அந்த வடிவம் தமிழில் இன்னும் வேர்விடவில்லை.

ஏன் வேர்விடவில்லை? சுஜாதாவிடம் அதற்கான எல்லாம் இருந்தன. பாதுகாப்புத் துறைக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். புறநானூற்றுக்கு எளிய அறிமுகம் எழுதியவர். 1857-ஐ நாவலாக்கியவர். ஆயினும் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய அவரது புகழ்பெற்ற இரு அறிவியல் நாவல்களின் மையத்தில் அரண்மனைச் சூழ்ச்சியை ஒத்த அரசியல் இருக்கிறது, பாசறை இல்லை. அவரைக் குறைகூற நாம் இதைச் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் ஜீனோ என்ற இயந்திர நாயை நினைவில் வைத்துக்கொண்டார்கள். அவர் மேசையில் அருகருகே கிடந்த இரு உலகங்களை இணைக்க முயன்றவர்கள் அரிது.

போர் நாவலைப் புறக்கணிப்பது நமக்குப் புதிதும் அன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத் தென்கிழக்காசியாவில் அலைந்த தமிழரையும் இந்திய தேசிய இராணுவத்தையும் எழுதிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் நூலானபோது, அதன் தகுதிக்குரிய வரவேற்பு கிட்டவில்லை. ஊர் திரும்ப ஏங்கித் திரும்ப இயலாமற்போன பாண்டியனின் கதை அது. அதை இன்று கொண்டாடுகிறோம். சிங்காரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய ஆண்டுகளில் மௌனம் காத்தோம். அவர் இரண்டு நாவல்களோடு நிறுத்திக்கொண்டார். எது இலக்கியம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடும் வாசகக்கூட்டம் எதை இழக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆகவே அன்பர்களுக்கு நாம் சொல்வது இது. பரிந்துரையுங்கள், ஆனால் இணையாகப் பரிந்துரையுங்கள். ஹைன்லைனைத் தருகிறவர் ஹால்டெமனையும் தருக. 'தி ஃபாரெவர் வார்' படித்தவரிடம் முல்லைப்பாட்டையும் 'புயலிலே ஒரு தோணி'யையும் தருக. எண்டரோடு மாசாத்தியாரையும் 'கொரில்லா'வையும் சேர்த்து வையுங்கள். எழுபத்தைந்து வயது முதியோர் புதிய உடல் பெற்றுப் போருக்குச் செல்லும் ஜான் ஸ்கால்சியின் 'ஓல்ட் மேன்ஸ் வார்' (2005) வேகமான வாசிப்புக்கு ஏற்றது. ஆனால் பூமிக்கு இனித் திரும்பவே இயலாது என்று கையெழுத்திட்டுவிட்டுத்தான் அவர்கள் கலத்தில் ஏறுகிறார்கள் என்பதைத் தருகிறவர் சுட்டிக்காட்டுக. வீரர்களை ஒளியாகச் சிதைத்துப் போர்முனைக்கு அனுப்பும் கேமரன் ஹர்லியின் 'தி லைட் பிரிகேட்' (2019) நாவலில் காலம் முன்பின்னாகக் கலைந்துவிடுகிறது. நாழிகைக் கணக்கருக்கு அங்கே வேலையே இல்லை.

தள்ள வேண்டியவற்றையும் தயங்காமல் தள்ளுங்கள். இவ்வகையில் குப்பை மிகுதி. பகைவனுக்கு முகம் தராத நூலை, வீட்டில் இருப்பவர்களை மறந்த நூலை, வெற்றியோடு முடிந்து வெற்றிக்குப் பிந்தைய மறுநாளைக் காட்டாத நூலை எவருக்கும் தராதீர்கள். வாகை மட்டும் இருந்து பாலை இல்லாத நூல் அது. ஆனால் தள்ளுவதற்கு முன் படியுங்கள். இரத்தத்தில் கூழ் அட்டு உண்ணும் பேய்களைக் கலிங்கத்துப்பரணியில் இலக்கியம் என்று பாடம் நடத்தும் நமக்கு, விண்கலத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் உரிமை இல்லை.